அப்பாவின் இடது கால்

உங்கள் வீட்டில் லாரி இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி.

எங்கள் வாசலில் ஒன்று நிற்கிறது. பம்பாய் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த பழைய ஃபார்கோ. என்னைவிட வயதில் மூத்தது. பெங்களூரிலிருந்து பட்டு நூல் ஏற்றி வந்து, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களுக்கு அப்பா இறக்கியது இதில்தான். பெட்ரோல் தாகம் தாங்காமல் நடுவில் ஒரு ஜப்பான் டீசல் என்ஜினை மாட்டினார். அம்மா அதை 'மூத்தாள்' என்பாள்.

2021-ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, கை திரும்பியது. இடது கால் மட்டும் முரண்டு பிடித்தது. ஓட்டலாம், ஆனால் கிளட்ச் மிதிக்க முடியாது என்றார் டாக்டர். அப்பா வாசலில் நாற்காலி போட்டு லாரியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"வித்துடலாமாப்பா?" என்று ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. ராத்திரி சாப்பிடவும் வரவில்லை.

சரி, கிளட்சே இல்லாமல் பண்ணிவிட்டால்?

ஆட்டோமேடிக் கியர் ஒன்றும் அதிசயமில்லை. அமெரிக்காவில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலிலேயே வந்துவிட்டது. ஆனால் வண்டியில் இஷ்டத்துக்குக் கை வைக்கக் கூடாது என்கிறது 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவு. அதற்காக நான் ஏறி இறங்கிய படிகளைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். (ஆசிரியர் போடமாட்டார்.) அனுமதி கிடைத்ததும் சென்னை புதுப்பேட்டைக்குப் போய், அதே என்ஜினுக்குப் பொருந்தும் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தேன். கூடவே ஒரு மெல்லிய இரும்புத் தகடு. ஓரமெல்லாம் பல்.

"இது என்ன மேஸ்திரி, அப்பளம் மாதிரி?" என்றேன், ஓரிக்கை ஷெட்டில்.

"ஃப்ளெக்ஸ் பிளேட் சார். ஃப்ளைவீலுக்குப் பதிலா இதுதான்."

கழற்றிப் போட்ட ஃப்ளைவீல் ஆட்டுக்கல் கனம். அதன் இடத்தில் இந்த அப்பளமா? எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேஸ்திரி பொறுமையாகச் சொன்னார். ஆட்டோமேடிக்கில் கிளட்சுக்குப் பதில் டார்க் கன்வர்ட்டர் என்று ஒரு குண்டுப் பாத்திரம் இருக்கிறது. உள்ளே ஆயில் நிரம்பியதும் தேவையான கனத்தை அதுவே கொடுத்துவிடும். ஓடும்போது ஆயிலின் அழுத்தத்திலும் சூட்டிலும் அது கொஞ்சம் உப்பும். அதற்கு வளைந்து கொடுக்கத்தான் தகடு மெல்லிசாக இருக்கிறது. விறைத்து நின்றால் தாங்காது. ஓரத்துப் பல் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு.

தகட்டின் எந்தப் பக்கம் என்ஜினைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை சரிபார்த்து, கிராங்க் ஷாஃப்டில் வைத்து, எதிரும் புதிருமாக போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால் முடுக்கினார். அதுவரைக்கும் சுபம்.

அடுத்தது கியர்பாக்ஸ். அதன் வாயில் கன்வர்ட்டரைச் செருகி, ஜாக்கியில் தூக்கி, என்ஜினோடு சேர்க்க வேண்டும். சேர்ந்தது. கடைசி அரை அங்குலம் மட்டும் சேரவில்லை. மணி ஏழாகிவிட்டது. எல்லோருக்கும் பசி.

"போல்ட்டைப் போட்டு இறுக்குடா, தானா வரும்" என்றார் மேஸ்திரி. பையன் ஸ்பேனரை எடுத்தான்.

"நிறுத்து!"

அப்பா. பக்கவாதத்துக்கு அப்புறம் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"ஆட்டோமேடிக் எனக்குத் தெரியாது. ஆனா எந்த கியர்பாக்ஸும் கையாலயே போய் உக்காரணும். போல்ட் இறுக்கத்தான், இழுக்க இல்ல. வெளிய எடு."

மேஸ்திரிக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் எடுத்தார். பார்த்தால், கன்வர்ட்டர் முழுசாக உள்ளே உட்காரவில்லை. ஜாக்கியில் சாய்த்தபோது முன்னால் நழுவியிருக்க வேண்டும். அமுக்கிக்கொண்டே சுற்றினார். 'டக்' என்று ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் உள்ளே போய், பின்னாலிருக்கும் ஆயில் பம்ப்பில் பொருந்தியது. போல்ட்டால் இழுத்திருந்தால் பம்ப் உடைந்து, புதுப்பேட்டைப் பணம் ஷெட்டிலேயே கரைந்திருக்கும்.

மறுபடி தூக்கினோம். இந்தத் தடவை கியர்பாக்ஸ் கையாலேயே என்ஜினோடு ஒட்டிக்கொண்டது. கன்வர்ட்டருக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு ஒரு ரூபாய் நாணயம் நுழையும் இடைவெளி. "இதுதான் இருக்கணும்" என்ற மேஸ்திரி, அதன் பிறகு கன்வர்ட்டரை முன்னால் இழுத்துத் தகட்டோடு முடுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு, "பெரியவரே, டீ சாப்பிடுறீங்களா?" என்றார். ஐந்து நாளில் அப்பாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

லைசென்ஸ் வேலைகளும் முடிந்து, ஒரு விடியற்காலையில் அப்பா ஸ்டியரிங் பிடித்தார். நான் பக்கத்தில் கந்தர் சஷ்டி கவசத்தோடு. வாலாஜாபாத் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அவருடைய இடது தோள் லேசாக ஏறி இறங்கியது. இல்லாத கிளட்சைத் தேடுகிறார்!

வீட்டுக்குத் திரும்பி இறங்கியதும் கேட்டேன்: "எப்படிப்பா இருக்கு?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா வேலையே இல்லடா. தூக்கம் வருது."

சொல்லிவிட்டு, சாவியை என்னிடம் தராமல் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.