பாட்டியின் உயிரெழுத்துகள்

தமிழில் உயிரெழுத்துகள் 12 என்பதை அனைவரும் அறிவோம். வியட்நாமிய மொழியிலும் உயிரெழுத்துகள் 12 என்பதை நம் பள்ளியில் எத்தனை பேர் அறிவர்? அக்காள் தங்கை இருவராகிய நாங்களே கடந்த கோடை விடுமுறையில்தான் அறிந்தோம்.

எங்கள் பாட்டி சைகோன் நகரில் பிறந்தவர். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அங்கே பிழைக்கச் சென்ற குடும்பங்கள் பல. அப்படிச் சென்ற ஒரு குடும்பத்தில், தமிழ்த் தந்தைக்கும் வியட்நாமியத் தாய்க்கும் பிறந்தவர் அவர். போர் முடிந்த 1975ஆம் ஆண்டில், 17 வயதில், தம் தங்கையுடன் புதுவைக்கு வந்தார். மாலை வேளைகளில் இருவரும் திண்ணையில் அமர்ந்து அந்த மொழியில் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். சின்னப் பாட்டி இறந்தபின் எங்கள் வீட்டில் அந்த மொழி ஓய்ந்துவிட்டது. கற்றுக்கொள்ளுங்கள் என்று பாட்டி சொல்லவில்லை. நாங்களாகவே போய் அருகில் உட்கார்ந்தோம்.

முதற்பாடம் 'தோ'. அம்மொழியில் ஓகாரம் ஒன்றல்ல, மூன்று! நாம் சொல்வது போலவே 'தோ' என்றால் பெரிய கிண்ணம். வாயை இன்னும் திறந்து, ஆகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் நடுவே ஒலித்தால் 'பெரிது' என்று பொருள். நாக்கை ஓகாரத்தில் வைத்து, இதழ்களை மட்டும் குவிக்காமல் விட்டால் பட்டு நூல்! இந்தப் பட்டு நூல்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. கண்ணாடி முன் நின்று நாங்கள் வாயைக் கோணிக்கொண்டிருந்ததைப் பார்த்த அப்பா, பல் வலியா என்று கேட்டார்.

அடுத்தது உகரம். சற்றே மூச்சு விட்டு, இதழ் குவித்து 'து' என்றால் இலையுதிர் காலம். குவிக்காமல் சொன்னால் கடிதம். இங்கே எங்களுக்குக் கைகொடுத்தது தமிழ் இலக்கணமே! 'பசு' என்னும்போது இதழ் குவிகிறது. 'காசு' என்னும்போது குவிவதில்லை. முன்னது முற்றியலுகரம், பின்னது குற்றியலுகரம் என்று வகுப்பில் படித்திருக்கிறோமே! அந்தக் காசின் கடைசி ஒலியைச் சற்று நீட்டிச் சொன்னோம். பாட்டி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தரம் சொல்லுங்கடி" என்றார்.

குறிலும் நெடிலும் அங்கும் உண்டு. ஆகாரத்துக்கு ஒரு குறில். அந்தப் பட்டு நூல் ஒலிக்கும் ஒரு குறில். இவற்றை வேறுபடுத்த ரோமன் எழுத்தின் தலையில் குல்லாயும் பிறையும், தோளில் கொக்கியும் போட்டிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற இயேசு சபைக் குருக்கள் உருவாக்கிய எழுத்துமுறை இது. அவர்களுள் ஒருவரான அலெக்சாந்தர் தெ ரோத் அடிகளாரின் அகராதி 1651இல் ரோமாபுரியில் அச்சாயிற்று. எத்தனை கூர்மையான காதுகள் அவர்களுக்கு!

குரலின் ஏற்ற இறக்கம் தனிப் பாடம். வடக்கே 6 வகை. பாட்டியின் சைகோன் பேச்சில் 5. 'பாபு' என்பதில் வரும் 'பா'வைச் சமமாகச் சொன்னால் அப்பா. குரலைத் தாழ்த்திச் சொன்னால் பாட்டி.

சென்ற வாரம், மழை பெய்த ஒரு மாலையில், பாட்டி எங்களிடம் அந்த மொழியில் நெடுநேரம் பேசினார். எங்களுக்குப் புரிந்தவை 'கடிதம்', 'அப்பா' என்ற இரண்டே சொற்கள். இடையில் நிறுத்தித் தமிழில் சொல்லும்படி நாங்கள் கேட்கவில்லை.