நந்தி தெரியும் நாளில் பண்ணவாடி

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காவிரித் தண்ணீரை நம்பி நடவு செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் மனப்பாடம். மட்டம் ஏற ஏறத் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நாற்றங்கால் வேலை சூடுபிடிக்கும். மட்டம் இறங்கும்போது எங்கள் வீட்டில் வேறு ஒரு கணக்கு ஓடும். “எண்பதை ஒட்டி வந்திருச்சா? மாதா கோயில் கோபுரம் தெரிஞ்சிரும். எழுபதுக்கு வரட்டும், நந்தியும் தலை தூக்கிரும்” என்பார் அம்மா.

அம்மா சொல்லும் நந்தி இருப்பது பண்ணவாடியில். சேலம் மாவட்டம், கொளத்தூருக்குப் பக்கத்தில், மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு ஓரத்தில் இருக்கிற ஊர். இப்போது நாம் பஸ்ஸில் போய் இறங்குவது மேட்டில் அமைந்த பண்ணவாடி. பழைய பண்ணவாடி தண்ணீருக்குள் இருக்கிறது.

அணை வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஸ்டான்லியின் பெயரால் இதை ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்றார்கள். தண்ணீர் தேங்கப் போகிற பள்ளத்தில் காலங்காலமாகக் குடியிருந்த ஊர்கள் பல. சனங்கள் ஆடு மாடு, தட்டுமுட்டுச் சாமான்களோடு மேட்டுப் பக்கம் ஏறினார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலும், அதன் முன்னால் இருந்த பெரிய நந்தியும், கிறிஸ்தவ ஆலயமும் நின்ற இடத்திலேயே முழுகின. கோடையில் மட்டம் இறங்கும்போது அவை வெளியே வரும். ஆலயக் கோபுரம் முதலில், நந்தி அடுத்து. மழை பிடித்துக் கர்நாடகத்திலிருந்து தண்ணீர் வந்தால் மறுபடி உள்ளே போய்விடும்.

அம்மாவைப் பெற்றவரை நாங்கள் அப்புச்சி என்போம். பழைய பண்ணவாடியை விட்டுக் கிளம்பியபோது அவருக்குப் பதினெட்டு வயது. காவிரிக்கரை வண்டல் மண்ணில் கிணற்றுப் பாசனத்தோடு வெள்ளாமை செய்த குடும்பம். இழப்பீட்டுப் பணத்தில் மேச்சேரிப் பக்கம் நாலு ஏக்கர் செம்மண் காடு வாங்கினார்கள். முழுக்க மானாவாரி. வண்டலில் உழுது பழகிய கைக்கு அந்தச் சரளைக் காடு பிடிபடப் பத்து வருஷம் ஆனதாம். மண் கைகொடுக்காத வருஷங்களில் மேச்சேரிச் செம்மறிதான் வீட்டைக் காப்பாற்றியது. அந்தக் காய்ச்சலான பூமிக்கென்றே அமைந்த ஆடு அது. சோளத்தட்டும் வேலிக்கால் மேய்ச்சலும் இருந்தால் போதும், உடம்பு வைத்துவிடும். “ஊர் போனதும் ஆடுதான் எனக்கு ஊராச்சு” என்று அப்புச்சி சொல்வாராம்.

அம்மா 1941-ல் மேச்சேரிக் காட்டில் பிறந்தவர். பழைய ஊரில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. ஆனாலும் அந்த ஊரின் தெரு, களம், புளியமரம், கிணறு எல்லாம் அவருக்கு அத்துப்படி. காரணம் அப்புச்சிதான். மட்டம் நன்றாக இறங்கிய கோடைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போவார். வெடித்துக் கிடக்கிற வண்டலில் நடத்திக்கொண்டே, “இது நம்ம களம், இது மாட்டுக் கட்டுத்தாரை, இதுக்கு நேரா நம்ம கெணறு” என்று காட்டுவார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் ஒரே சேற்றுத் தரை. எட்டு வயதுப் பெண்ணுக்கு விளங்க வேண்டுமே என்று, எப்போதும் அசையாத நந்தியை அடையாளமாக வைத்துக் காலடிக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். நந்திக்குப் பின்னால், முதுகைக் காட்டி நின்று, வலது கைப் பக்கமாக முந்நூறு எட்டு வைத்தால் கிணறு.

2023-ல் மழை பொய்த்து, அணை 40 அடிக்கும் கீழே போனது பலருக்கு நினைவிருக்கும். அடுத்த கோடை வரைக்கும் நீர்ப்பரப்பு பெரும்பகுதி வெறுந்தரையாகவே கிடந்தது. 2024 சித்திரையில் அம்மாவை அழைத்துக்கொண்டு பண்ணவாடிக்குப் போனேன். அவருக்கு அப்போது 83 வயது.

பரிசல் துறையில் இறங்கிப் பார்த்தால் தண்ணீர் எங்கோ தூரத்தில் கோடு போல மின்னியது. வழக்கமாகப் பரிசலும் விசைப்படகும் நாகமரைக் கரைக்குப் போய்வருகிற இடம். இப்போது சோளமும் எள்ளும் கம்பும் நின்றன. தண்ணீர் விலக விலகப் பின்னாலேயே விதைத்துக்கொண்டு போவது இந்தக் கரைக்காரர்களின் பழக்கம். வண்டல் ஈரம் இருப்பதால் உரச் செலவு குறைவு. ஆனால் அணைக்கு வரத்து கூடினால் கதிர் முற்றினாலும் முற்றாவிட்டாலும் முழுகிவிடும். பட்டா கிடையாது, இழப்பு வந்தால் கேட்கவும் முடியாது. அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் அது வெள்ளாமை.

நந்தி முழுதாக வெளியே இருந்தது. காரை பெயர்ந்திருந்தாலும் கம்பீரம் குறையவில்லை. யாரோ மாலை போட்டுக் கற்பூரம் கொளுத்தியிருந்தார்கள். அம்மா அதன் பின்பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். வலது கையை நீட்டினார். நாற்பது எட்டு நடந்ததும் மூச்சு வாங்கியது. “நீ எண்ணுடா கண்ணு” என்று துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

முந்நூறு எண்ணி நின்று கையை ஆட்டினேன். “உன் எட்டு செல்லாது. அப்புச்சி நெட்டையான ஆளு. இன்னும் முப்பது வை” என்று சத்தம் போட்டார். வைத்தேன். அங்கே எள்ளுக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், “கெணறு ஏதும் கண்ணுக்குத் தட்டலைங்க. ஆனா இந்த எடத்துல மட்டும் ஏர் ஓட்டினா கல்லு இடிக்கும். ஒவ்வொரு தடவையும் சுத்திக்கிட்டுத்தான் ஓட்டுவேன்” என்றார்.

மெதுவாக நடத்தி அம்மாவைக் கூட்டிவந்தேன். மண்வெட்டியால் அரை முழம் கிளறிக் காட்டினார் அவர். செதுக்கிய கல்லின் விளிம்பு ஒன்று தெரிந்தது. அது அப்புச்சியின் கிணற்றுக் கல்லா, வேறு எந்த வீட்டின் வாசற்படியா என்று உறுதி சொல்ல வழியில்லை. அம்மா குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு அந்த விவசாயியிடம், “மூடிரு தம்பி, எள்ளு வேருக்குக் காத்து பட்டுரும்” என்றார். வேறொன்றும் பேசவில்லை. வரப்பில் உட்கார்ந்து அவர் கொடுத்த மோரைக் குடித்தோம்.

திரும்பி வரும்போது அம்மா ஒரு விஷயம் சொன்னார். ஜூன் 12-ந் தேதி குறுவைக்கு மேட்டூர் திறந்ததாக ரேடியோவில் செய்தி வரும் வருஷங்களில், அப்புச்சி ஆட்டுப்பட்டியில் நின்றபடியே, “நம்ம கெணத்து மேல நின்ன தண்ணி தஞ்சாவூருக்குக் கெளம்பிருச்சு” என்பாராம். அதில் கோபம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று கேட்டேன். “ரெண்டும்தான். மழை பேஞ்சா பெருமை, பேயாட்டி கோவம்” என்றார்.

நிலம் பற்றிய காகிதங்களில் சர்வே எண் இருக்கும், பரப்பு இருக்கும். எந்த மூலையில் ஊற்றுக்கண் இருந்தது, எந்தப் பஞ்சத்தில் எந்தக் கிணறு வற்றவில்லை, மேட்டுக்காட்டில் எந்த விதை தாக்குப்பிடித்தது என்பதெல்லாம் அவற்றில் ஏறாது. அவை பெரியவர்களின் வாயில்தான் இருக்கின்றன. அப்புச்சி ஊரை இழந்த மனிதர். மகளுக்குக் காலடிக் கணக்கைச் சொல்லிவைத்ததால் அந்த ஊர் இன்னொரு தலைமுறைக்கு வந்தது. அன்றைக்கு நானும் அந்தக் கணக்கை அம்மா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். முந்நூறுக்குப் பக்கத்தில் ‘அப்புச்சி எட்டு’ என்றும் குறித்தேன். 2024 ஜூலை கடைசியில் அணை 120 அடியைத் தொட்டது. நந்தி, கல், எள்ளுக் காடு எல்லாம் மறுபடி உள்ளே.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். பொதுவாக “பழைய கதை சொல்லுங்க” என்றால் ஒன்றும் வராது. காட்டுக்குக் கூட்டிப் போய் நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இந்தக் காட்டுக்கு என்ன பேர், ஏன் அந்தப் பேர்? முதல் கிணறு யார் வெட்டியது, எத்தனை அடியில் தண்ணீர் கண்டது? பாட்டி எந்த விதையை எதில் போட்டு மூடிவைத்தார்? அடமானம் போன நிலம் எப்படித் திரும்பியது? சொல்கிறவரின் சொல்லிலேயே, தேதி போட்டு எழுதிவையுங்கள். செல்போனில் பதிவு செய்தால் இன்னும் நல்லது. பேரப்பிள்ளைகளுக்குக் குரலும் கிடைக்கும்.

பண்ணவாடி போக விரும்புகிறவர்கள் மேட்டூர் வந்து, அங்கிருந்து கொளத்தூர் வழியாகப் போகலாம். புறப்படும் முன் அன்றைய நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுபது அடிக்கு மேல் இருந்தால் நந்தியைப் பார்க்க முடியாது. வெயிலில் மேல் மண் காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் சேறு இருக்கும். தண்ணீரை ஒட்டி நடக்காதீர்கள், உள்ளூர்க்காரர் ஒருவர் துணையோடு போங்கள். பரிசலில் ஏறினால் மிதவைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பயிர் நிற்கிற இடத்தில் வரப்போடு நடங்கள். அங்கே விதைத்தவருக்கு அந்த ஒரு போகம்தான் கணக்கு.