மூத்த ஆட்டக்காரரை வைத்துக்கொள்வதா, விட்டுக்கொடுப்பதா?

ஒரு கோஷ்டியில் பல ஆண்டுகள் ஆடி, அதற்குப் பெயரும் கோப்பையும் தேடித் தந்த ஒருவர், வயது ஏறிய நிலையில் அக்கோஷ்டிக்குச் சொத்தா, சுமையா? ஹாக்கி ஆடப்படும் இடங்களிலெல்லாம் ஆண்டுதோறும் எழும் இக்கேள்வி, இவ்வாண்டு நம் சங்கத்தின் வாசலிலும் வந்து நிற்கிறது.

அன்பர்கள் பலருக்குச் செய்தி ஓரளவு எட்டியிருக்கும். நம் கோஷ்டியில் பதினான்கு ஆண்டுகளாகச் சென்டர் ஹாஃப் இடத்தில் ஆடி வருபவரை நாம் அனைவரும் ‘அண்ணன்’ என்றே அழைக்கிறோம். அவருக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. இப்பூனா நகரிலேயே உள்ள மற்றொரு கோஷ்டியார் சென்ற திங்கள் நம்மிடம் ஒரு கோரிக்கை விடுத்தனர். “அண்ணனை எங்களுக்குத் தாருங்கள், இருபது வயது நிரம்பாத இரு பையன்களை உங்களுக்குத் தருகிறோம்” என்பதே அது. சங்கத்தின் விளையாட்டுக் கமிட்டி ஐவர் கொண்டது. கணக்கு எழுதும் குமாஸ்தா என்ற முறையில் எனக்கும் அதில் ஒரு வாக்கு உண்டு. அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யவேண்டும். அதற்கு முன் என் மனத்தில் உள்ளதை நம் பத்திரிகையில் எழுதிவிடுவது முறை என்று கருதுகிறேன்.

முதலில் விட்டுக்கொடுப்போம் என்பாரின் வாதத்தைக் கேட்போம். அது எளிதில் தள்ளக்கூடியது அன்று. அண்ணனின் கால்கள் கடைசிக் காற்பகுதியில் சோர்ந்துவிடுகின்றன. எதிரிகள் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடுவதை நாம் கண்ணாரக் கண்டோம். அவருடைய இடத்துக்குத் தகுதியான தம்பி ஒருவன் இரண்டு ஆண்டுகளாக ஓரத்துப் பெஞ்சில் காத்திருக்கிறான். ரயில் பாதையில் வேலை பார்க்கும் ஒரு தொழிலாளியின் மகன் அவன், வயது பத்தொன்பது. இன்னும் ஓராண்டு காத்திரு என்றால் அவன் வேறிடம் தேடிச் சென்றுவிடலாம். அவ்வாறு சென்றால் அவனைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை.

வைத்துக்கொள்வோம் என்பாரின் வாதமும் வலிமை உடையதே. பந்தை எப்போது விரைந்து செலுத்துவது, எப்போது நிறுத்தி ஆட்டத்தைத் தணிப்பது என்பதை அண்ணன் அறிந்த அளவு நம்மில் எவரும் அறியார். இங்கேயே பிறந்து மராத்தியும் இந்தியும் பேசி வளரும் நம் பிள்ளைகள் பலருக்கு, ஞாயிறு காலையில் களத்தில் அவர் உரக்கக் கூவும் தமிழே வீட்டுக்கு வெளியே கேட்கும் தமிழாக இருக்கிறது. இன்னொரு காரணமும் சொல்கிறார்கள்; அது நன்றி. நன்றி பெரிய குணந்தான். ஆயினும் அது கோல் போடாது. கோலைத் தடுக்கவும் செய்யாது. ஆகவே அதை மட்டும் நம்பி முடிவு செய்தல் ஆகாது.

வயதைப் பற்றிப் பேசும்போது, ஆட்டமே மாறிவிட்டதையும் நினைவிற் கொள்ளவேண்டும். பிலாஸ்பூரில் பிறந்த லெஸ்லி கிளாடியஸ் 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடி, மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். ரோமில் தலைமை ஏற்றபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. அவர் ஆடியது இயற்கைப் புல்தரையில்; அங்கு மட்டையின் சாதுரியம் காலின் வேகத்துக்கு ஈடுகொடுத்தது. 1976-ஆம் ஆண்டு மான்ட்ரியாலில் முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில் நடந்தது. இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. அன்று முதல் ஓட்டத்துக்கு மதிப்பு ஏறியது. மூத்தவர்களின் பாடு கடினமாயிற்று.

ஆயின் அதே ஆட்டம் பின்னர் மூத்தவர்களுக்கு ஒரு வழியையும் திறந்துவிட்டது. ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமாயினும் வெளியே அழைத்து மீண்டும் உள்ளே அனுப்பலாம் என்ற விதி வந்தது. 2014 முதல், முப்பத்தைந்து நிமிடப் பகுதிகள் இரண்டுக்குப் பதிலாகப் பதினைந்து நிமிடக் காற்பகுதிகள் நான்கு என்ற முறை சர்வதேசப் போட்டிகளுக்கு வந்தது. முப்பத்தெட்டு வயதுக்காரர் எழுபது நிமிடமும் ஓடவேண்டும் என்ற கட்டாயம் இன்று இல்லை. ‘அண்ணனா, தம்பியா’ என்று கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பணம் புழங்கும் இடத்தில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகும். இடையில் நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்குவதற்காக 2024 அக்டோபரில் டில்லியில் ஏலம் நடந்தது. ஆடவர் கோஷ்டி ஒவ்வொன்றுக்கும் நான்கு கோடி ரூபாயே வரம்பு. அதில் ஹர்மன்பிரீத் சிங் ஒருவருக்கே எழுபத்தெட்டு லட்சம் கொடுத்தனர். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அத்தகைய கணக்கில் ஒருவரை வைத்துக்கொள்வது என்றால், வேறு சிலரை இழப்பது என்றே பொருள். நம் சங்கத்தில் அண்ணனுக்குச் சம்பளம் இல்லை. பஸ் கட்டணமும் காலணியும் மட்டுமே. ஆகவே நாம் செலவிடுவது பணம் அன்று. களத்தில் உள்ள ஓர் இடம்.

இனி, பெரிய இடங்களில் நடந்த மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்கிறேன். அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு வழி தெளிந்தது.

முதலாவது, அமெரிக்காவில் பனித்தரையில் ஆடும் ஹாக்கியைச் சேர்ந்தது. அங்கே ஆட்டக்காரரைக் கோஷ்டிகள் தமக்குள் மாற்றிக்கொள்வது அன்றாட வழக்கம். ரே போர்க் என்ற பின்காவல் வீரர் 1979 முதல் பாஸ்டன் கோஷ்டியில் ஆடிவந்தார். இருபது ஆண்டுகள் கடந்தும் அவர் கைக்கு ஸ்டான்லி கோப்பை எட்டவில்லை. 2000 மார்ச்சில், அவரது விருப்பத்தின்பேரிலேயே, பாஸ்டன் அவரைக் கொலராடோ கோஷ்டிக்கு மாற்றித் தந்தது. அடுத்த ஆண்டு கொலராடோ கோப்பையை வென்றது. முதலில் தானே உயர்த்திக் காட்டவேண்டிய கோப்பையை அக்கோஷ்டியின் தலைவர் ஜோ சாக்கிக் அப்படியே போர்க்கின் கையில் கொடுத்தார். நாற்பது வயதில் அதை உயர்த்திப் பிடித்த போர்க், அத்துடன் ஆட்டத்தை விட்டார். பாஸ்டன் கோஷ்டியும் அவர் அணிந்த 77 என்ற எண்ணை வேறு எவருக்கும் தராது நிறுத்திக்கொண்டது. விட்டுக்கொடுத்தல் நன்றி மறத்தல் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவர் கேட்டார், அவர்கள் இசைந்தனர்.

இரண்டாவது நம் அண்டை வீட்டுக் கதை. தன்ராஜ் பிள்ளை இங்கே கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவர் என்பது நம் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். 1998-இல் பாங்காக்கில் அவர் தலைமையில் இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றது. 1966-க்குப் பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற தங்கம் அது. திரும்பி வந்த சில நாட்களில் அடுத்த தொடருக்கான பட்டியல் வெளிவந்தது. அதில் அவர் பெயர் இல்லை. வேறு சில மூத்தவர்களின் பெயர்களும் இல்லை. ‘ஓய்வு’ என்று காரணம் கூறப்பட்டது. ஆட்டக்காரர்களுக்கு உரிய பணத்தைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியதே உண்மைக் காரணம் என்று பலரும் கருதினர். அப்போது அவருக்கு முப்பது வயது. அவர் கால்கள் ஓய்ந்துவிடவில்லை என்பதைப் பின்னாளைய ஆண்டுகள் காட்டின. 2003-இல் கோலாலம்பூரில், முப்பத்தைந்து வயதில், அவர் தலைமையில் இந்தியா முதன்முறையாக ஆசியக் கோப்பையை வென்றது.

அதே தன்ராஜ் 2004-இல் தம் நான்காவது ஒலிம்பிக் போட்டிக்காக ஏதென்ஸ் சென்றார். கோஷ்டியில் பெயர் இருந்தது. ஆனால் களத்தில் அவருக்குக் கிடைத்த நேரமோ மிகவும் சொற்பம். இந்தியா ஏழாம் இடம் பெற்றது. ஆடவிட்டிருந்தால் வென்றிருப்போம் என்று நான் வாதாட வரவில்லை. ஒருவரை அழைத்துச் சென்று ஓரத்தில் உட்காரவைப்பதால் அவருக்கும் பயன் இல்லை, கோஷ்டிக்கும் பயன் இல்லை என்றே சொல்கிறேன். அந்த ஓர் இடத்தில் ஓர் இளைஞனாவது ஆடிப் பழகியிருப்பான்.

மூன்றாவது, கேரளத்துக் கோல் காவலர் ஸ்ரீஜேஷ். 2017-இல் முழங்காலில் காயமுற்றுப் பல மாதங்கள் களத்துக்கு வராதிருந்தார். அத்துடன் அவர் ஆட்டம் முடிந்தது என்று கூறியோர் உண்டு. கோஷ்டி அவருக்காகக் காத்திருந்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா பதக்கம் பெற்றபோது, இறுதி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தவர் அவரே. அதன் பின் செய்ததே மிகவும் கவனிக்கத்தக்கது. பல போட்டிகளில் அவரும் இளையவரான கிருஷண் பாட்டக்கும் காற்பகுதிகளை மாறி மாறிக் காத்தனர். மூத்தவர் கைவிடப்படவில்லை, இளையவர் காக்கவைக்கப்படவும் இல்லை. 2024-இல் பாரிஸ் போட்டிக்கு முன்பே, இதுவே எனக்குக் கடைசி என்று ஸ்ரீஜேஷ் தாமே அறிவித்துவிட்டார். மீண்டும் வெண்கலம் கிடைத்தது. அவர் அணிந்த 16 என்ற எண்ணைத் தேசியக் கோஷ்டியில் நிறுத்திவைத்தனர். இளையோர் கோஷ்டியின் பயிற்சியையும் அவரிடமே ஒப்படைத்தனர். அவ்விளைஞர்கள் அவ்வாண்டு இறுதியிலேயே மஸ்கட்டில் இளையோர் ஆசியக் கோப்பையை வென்றனர்.

இம்மூன்றிலிருந்தும் நான் அறிந்துகொண்டது ஒன்றே. வைத்துக்கொள்வதும் நியாயமாகலாம், விட்டுக்கொடுப்பதும் நியாயமாகலாம். சொல்லாமல் விலக்குவதும், வைத்துக்கொண்டு ஆடவிடாதிருப்பதும் ஒருபோதும் நியாயமாகா.

ரயில்வேயில் வேலை பார்ப்பதால் இது எனக்குச் சற்று அதிகமாகவே உறைக்கிறது. எங்கள் இலாகாவில் விளையாட்டுத் தகுதியின்பேரில் உத்தியோகம் பெற்றவர்கள் பலர் உண்டு. ஆட்டம் ஓய்ந்த பின் அவர்களுக்கு மேசையும் நாற்காலியும் மாதச் சம்பளமும் இருக்கின்றன. நேற்று வரை பந்தை விரட்டியவர் இன்று என் பக்கத்து மேசையில் சரக்குக் கணக்கைச் சரிபார்க்கக் கற்றுக்கொள்கிறார். தொடக்கத்தில் முகம் வாடியே இருக்கும். ஆறு மாதத்தில் தெளிந்துவிடும். நம் சங்கமோ அண்ணனுக்குத் தரக்கூடிய மேசை எதையும் உடையது அன்று. வாரம் முழுவதும் தொழிற்சாலையில் முறை மாற்றி உழைப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமைக் களம் ஒன்றே நாம் தந்தது. அதைத் திரும்பப் பெறுவதாயின், கேட்டுவிட்டுப் பெறவேண்டும்.

ஆகவே நான் அவரையே கேட்டேன். கமிட்டியில் இருப்பவன் அவரைத் தனியே காண்பது முறையா என்று சிலர் வினவலாம். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேசாமல், அவர் இல்லாத இடத்தில் பேசுவதே முறையற்றது என்பது என் எண்ணம். எதிர்க் கோஷ்டியாரின் கோரிக்கையை ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் சிறிது நேரம் மட்டையின் பிடியில் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு, “இரண்டு பையன்களா தருகிறார்கள்? நல்ல விலைதான்” என்று சிரித்தார்.

“நீங்கள் போக விரும்புகிறீர்களா, அண்ணா?”

“இல்லை தம்பி. ஆனால் போ என்று சொன்னால் போவேன், மனத்தாங்கல் கொள்ளமாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வைத்துக்கொள்வதாக இருந்தால் ஆடவிடுங்கள். ஆடவிட மனம் இல்லையென்றால் இன்றே சொல்லிவிடுங்கள். பெஞ்சில் உட்காரவைத்து ஆண்டு விழாவில் மாலை போடவேண்டாம்.”

“கடைசிக் காற்பகுதியில் கால் சோர்கிறதே?”

“முதல் மூன்றிலும் நானே ஓடினால் சோராமல் என்ன செய்யும்? அந்தப் பையனைப் பாதி நேரம் விடுங்கள். அவனுக்கு ஓட்டம் இருக்கிறது. எப்போது நிற்கவேண்டும் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. அதை நான் சொல்லித் தருகிறேன். பெஞ்சில் உட்கார்ந்தால் அது வராது.”

இதைக் கேட்ட பின் என் வாக்கு யாருக்கு என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அண்ணனை மாற்றிக்கொடுக்கவேண்டாம், அடுத்த பருவம் ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம் என்று கூறப்போகிறேன். அத்துடன் மூன்று நிபந்தனைகளையும் முன்வைப்பேன். முதலாவது, ஒவ்வோர் ஆட்டத்திலும் முதற் காற்பகுதியும் மூன்றாவதும் தம்பிக்கு. இரண்டாவதும் நான்காவதும் அண்ணனுக்கு. தோற்கும் நிலையிலும் இதை மாற்றலாகாது. இரண்டாவது, ஞாயிறுதோறும் ஆட்டத்துக்குப் பின் அரை மணி நேரம் அண்ணன் சென்டர் ஹாஃப் ஆட்டத்தைத் தம்பிக்கும் பிற பையன்களுக்கும் கற்பிக்கவேண்டும். மூன்றாவது, பருவத்தின் நடுவில் கமிட்டியும் அண்ணனும் ஒன்றாக அமர்ந்து அடுத்த ஆண்டைப் பற்றி நேருக்கு நேர் பேசிவிடவேண்டும்; கடைசி நாளில் அறிவிப்புப் பலகையில் பெயர் இல்லாததைக் கண்டு அவர் தெரிந்துகொள்ளும்படி விடலாகாது.

இதில் இழப்பு இல்லை என்று நான் கூறமாட்டேன். கேட்டுவந்த இரு பையன்களும் நல்ல ஆட்டக்காரர்கள், அவர்களை இழக்கிறோம். ஓர் ஆட்டத்தில் தம்பி பிழை செய்து தோற்கலாம். மற்றோர் ஆட்டத்தில் அண்ணனின் கால் தளர்ந்து தோற்கலாம். கோப்பை இவ்வாண்டு நம் அலமாரிக்கு வராமலும் போகலாம். ஆயினும் பருவ முடிவில் அந்த இடத்தில் ஆடத் தேர்ந்த இளைஞன் ஒருவன் நம்மிடம் இருப்பான். மாற்றிப் பெறும் இருவரில் எவரும் அவ்விடத்து ஆட்டக்காரர் அல்லர் என்பதையும் கமிட்டியார் கருதவேண்டும்.

மாறான கருத்து உடைய அன்பர்கள் வரும் ஞாயிறு களத்துக்கு வந்து ஆட்டத்தை நேரிற் பார்த்தபின், தம் எண்ணத்தைக் கமிட்டிக்கு எழுதித் தருமாறு வேண்டுகிறேன். ஆட்டம் காலை ஏழு மணிக்குத் தொடங்கும். முதற் காற்பகுதியில் தம்பி ஆடுவதற்கு அண்ணன் இசைந்துவிட்டார்.