பெயரில்லா முகங்கள்

நாலந்தாவின் கெடிகேயைக் காண வருவோர் புகைப்படம் எடுக்காமல் திரும்புவதில்லை. திராவிடக் கட்டடப் பாணியில் எழுந்த பௌத்தக் கோயில் அது. மகாவலித் திட்டத்தின்போது போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்கும் பொருட்டு அதைக் கல் கல்லாகப் பிரித்து, 1980-ஆம் ஆண்டளவில் மேட்டில் மீளக் கட்டினர். கல்லைக் காத்தவர்களைப் போற்றுகின்றோம். ஆயினும், மாணவர் சிலருடன் நாம் அங்கு நின்றபோது, சற்றுத் தொலைவிலுள்ள மாத்தளை வீதியே நம் நெஞ்சை நிறைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத்து ஏழைகள் தம்புள்ளை, நாலந்தா வழியாகவே கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். கல்லுக்குப் படமுண்டு, அவர்களுக்கு?

புகைப்படக் கலைஞர் தம் கலையைப் பற்றி எண்ணியவற்றை இவ்வினாவோடு வைத்துப் பார்த்தல் தகும்.

ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் தமது 48-ஆம் வயதில், 1863-இல், மகள் அளித்த கருவியைக் கொண்டு இக்கலையைத் தொடங்கினார். டென்னிசன், டார்வின் முதலியோரைப் படமெடுத்துப் புகழ் பெற்றார். பெரியோரின் புறத்தோற்றத்தோடு அகப்பெருமையையும் பதிவு செய்வதே தம் கடமை என்னும் கருத்தை 1874-இல் எழுதிவைத்தார். மறு ஆண்டு இலங்கையிற் குடியேறினார். அவருடைய கணவரே கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரன். இங்கே கோப்பித் தோட்டங்களுக்கு உடைமையாளர். 1879-இல் மறைந்து பொகவந்தலாவையில் அடக்கமாகும் வரை, அம்மையார் இந்நாட்டு எளியோரையும் தமிழ்த் தொழிலாளரையும் படமெடுத்தார். அம்முகங்களில் இழிவில்லை; மிடுக்குண்டு. ஆனால் டார்வினுக்குப் பெயருண்டு. இவர்களுட் பெரும்பாலோருக்கு இல்லை.

இது தோட்டத்துரைமாரின் குறை மட்டுமா? அன்று. ஏழைகள்பால் மெய்யன்பு கொண்ட அமெரிக்கக் கலைஞர் டொரோத்தியா லாங் 1936-இல் கலிபோர்னியாவில், பட்டினியுற்ற கூலித்தாய் ஒருத்தியைப் படமெடுத்தார். அச்செய்தி பரவியதும் அம்முகாமுக்கு உணவு சென்றது. அத்தாயோ அதற்குள் வேறிடம் பெயர்ந்துவிட்டாள். அவளது பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங் பின்னாளில் எழுதினார். அவள் புளோரன்ஸ் ஓவென்ஸ் தொம்சன் என உலகம் அறிந்தது 1978-இல். லாங் இறந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின். உலகறிந்த அப்படத்தால் தனக்கு ஊதியம் ஏதும் இல்லை என்பதே அவளது மனக்குறை.

கலை பொதுமையை நாடுவது, தனிப்பெயர் அதற்குத் தடை என்பார் உளர். டார்வினின் பெயர் அவரது படத்தின் கலையழகைக் குறைத்ததா? பொதுமை என்னும் போர்வை ஏழைகளுக்கு மட்டும் ஏன்?

பெயர் சிறு பொருளன்று. 1948-இலும் 1949-இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. எஞ்சியோருக்கு வழி பிறக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடாப்பிற் பெயரில்லாதவரைப் படத்திலும் பெயரின்றி விடுவது அழகுணர்ச்சியாகுமா? இன்றும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சிரிப்பு தேயிலைப் பெட்டியை விற்கின்றது; அவள் இன்னாள் என்பதைப் பெட்டி சொல்வதில்லை.

நம் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இன்று புகைப்படக் கருவி உண்டு. அவர்கள் தோட்டத்துக்குச் செல்லட்டும், படமெடுக்கட்டும். எடுக்குமுன் இசைவு கேட்கட்டும். பெயரும் ஊரும் கேட்டுப் படத்தோடு எழுதிவைக்கட்டும். ஒரு படியை அவர் கையிலேயே கொடுக்கட்டும். ஒளியையும் நிழலையும் பற்றிய பாடம் அதன்பின் தொடங்கலாம்.