தனி இலை

என் அப்பா கல்யாணத்துக்கு முன் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கி வேலை பார்த்தவர். அந்த நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே மெஸ் சாப்பாட்டில்தான் வந்து நிற்பார். டோக்கன் வாங்கிக்கொண்டு காலியான இடத்தில் உட்கார்ந்தது, பக்கத்தில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாமல் அவரோடு சேர்ந்து ரசத்தைக் குறை சொன்னது, வத்தக்குழம்பு போடும் கிழமைக்காகக் காத்திருந்தது என்று கதை கதையாக வரும். ஐயோ பாவம், அப்பா தனியாகச் சாப்பிட்டிருக்கிறாரே என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அம்மாவும் தனியாகத்தான் சாப்பிட்டாள். தூத்துக்குடி வீட்டில் எல்லாருக்கும் பரிமாறி முடித்தபின், அடுப்படியில், மீன் சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பில் சோற்றைப் போட்டுப் புரட்டி, பெரும்பாலும் நின்றுகொண்டே சாப்பிடுவாள். அவள் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று யாரும் பார்த்ததில்லை. இந்த இரண்டு சாப்பாட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எண்ணம் எனக்கு ஐம்பதை நெருங்கும் வயதில், கொல்கத்தாவில்தான் வந்தது.

அலுவலக வேலையாகப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் சில நாள் தங்கி ஊர் சுற்றுவதாகத் திட்டம். கூட வந்தவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். மொழி தெரியாத ஊரில் டிராம் ஏற எனக்குப் பயமில்லை. இருட்டுச் சந்துகளில் பழைய வீடுகளைப் பார்த்துக்கொண்டு நடக்கவும் பயமில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கினால் மட்டும் வயிற்றைப் பசியும் கூச்சமும் சேர்ந்து பிசையும். வாசல்வரை போவேன். உள்ளே நாலு நாலு பேராக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். அப்படியே நடையைக் கட்டிவிடுவேன். அறைக்கு வரும் வழியில் வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கிக்கொள்வேன்.

பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு பெரிய உணவகத்துக்குள் துணிந்து போனேன். "ஒருவர்தானா?" என்று கேட்டுவிட்டு, கழிவறைக்குப் போகும் வழியில் சுவரைப் பார்த்தபடி கிடந்த மேசையைக் காட்டினார்கள். உட்கார்ந்ததும் பணியாள் வந்து எதிர் நாற்காலிக்கு முன்னால் இருந்த தட்டையும் கரண்டியையும் முள்ளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார். அவர் மரியாதைக் குறைவாக எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்தக் கரண்டிகள் கிணுகிணுத்த சத்தத்தில் கூடமே என்னைத் திரும்பிப் பார்ப்பதாக எனக்குப் பட்டது. சாப்பிட்டு முடிக்கும்வரை செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்ன சாப்பிட்டேன் என்று இப்போது எத்தனை யோசித்தாலும் நினைவு வரமாட்டேன் என்கிறது.

நம் ஊரில் இதற்கு வேறு ஏற்பாடு. பெண்ணொருத்தி தனியாக வந்தால் போதும், "ஃபேமிலி ரூம் உள்ளே இருக்கு மேடம்" என்று கை காட்டிவிடுவார்கள். குடும்பம் கூட வராதவளுக்குத்தான் அந்த அறை உடனே நினைவுக்கு வரும். காற்றாடியின் கீழே, யாரும் இல்லாத அறையில், சாம்பார் வாளி எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நல்லெண்ணத்தில் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது பிடிக்காது என்பதும் பார்க் ஸ்ட்ரீட்டில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது.

இன்னொரு நாள் காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆடி மாத மழை அங்கேயும் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மணி ஒன்றரை தாண்டியிருக்கும். கடைக்காரர் புத்தகங்களின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடிக்கொண்டே, "சாப்பிட்டாச்சா?" என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றேன். பக்கத்துச் சந்தைக் காட்டி, பைஸ் ஹோட்டலுக்குப் போகச் சொன்னார்.

பைஸ் ஹோட்டல்கள் கொல்கத்தாவின் பழைய சாப்பாட்டுக் கடைகள். ரூபாய்க்கு 64 பைசா என்ற கணக்கு இருந்த, அதாவது 1957க்கு முந்தைய காலத்தில், பைசாக் கணக்கில் வயிறு நிறையச் சோறு போட்ட கடைகள். கிராமத்திலிருந்து வந்த குமாஸ்தாக்களும் மாணவர்களும் மெஸ் பாடி என்ற விடுதி வீடுகளில் அறைக்கு இரண்டு மூன்று பேராகத் தங்கியிருந்தார்கள். துப்பறியும் வியோம்கேஷ் பக்‌ஷி தன் தோழன் அஜித்தைச் சந்திப்பதுகூட அப்படிப்பட்ட ஒரு மெஸ்ஸில்தான். வீட்டை விட்டு வந்த ஆண்களுக்கு மலிவாகச் சோறு போடப் பிறந்தவை பைஸ் ஹோட்டல்கள். அங்கே வருகிறவர் எல்லாருமே தனி ஆள்தான். எத்தனை பேர் என்ற கேள்விக்கே அங்கே வேலை கிடையாது. பவானி தத்தா சந்தில் இருக்கும் ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல் இவற்றில் பேர் பெற்றது. நாடு விடுதலை பெற்றபிறகு பெயரின் முன்னால் 'ஸ்வாதீன் பாரத்' என்று சேர்த்துக்கொண்ட கடை.

நான் நுழைந்த கடையில் நீள மேசைகள். இடுக்கில்லாமல் ஆண்கள். ஒரே ஒரு இடம் காலி. பரிமாறுகிறவர், "தீதி, இங்கே" என்று அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டு, அந்த இடத்தைக் கையால் துடைத்தார். அவ்வளவுதான். உள்ளே தனி அறை இருக்கிறதா என்று கேட்க வாயெடுப்பதற்குள் இலை விழுந்துவிட்டது. அந்த இலைக்குத் தனிக் காசு என்பதைக் கரும்பலகையில் பார்த்ததும் எனக்கு ஒரு கணம் ஊர் அபிமானம் பொத்துக்கொண்டு வந்தது. சோறு போடுகிறவன் இலைக்குக் காசு கேட்பானா? எலுமிச்சைத் துண்டுக்கும் தனிக் காசு. பருப்பு, பொரியல், மீன் எல்லாமே தனித் தனி விலை. கையில் காசு குறைந்தவன் இலையை விட்டுவிட்டுத் தட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று புரிந்தபோது அந்தக் கணக்கில் இருந்த நியாயமும் புரிந்தது.

மீன் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. கடல் மீன் தின்று வளர்ந்தவள். சீலாவும் ஊளியும் பாறையும்தான் எனக்கு மீன். ஆற்று மீனுக்கு மண் வாசம் என்று முகத்தைச் சுளிப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதோடு கடுகெண்ணெய் வேறு. ஆனால் அன்றைய பலகையில் இலிஷ் இருந்தது. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றில் ஏறி வருகிற மீன் அது. கடலுக்கும் உரிமை இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கடுகு அரைத்த இலிஷ் கேட்டேன்.

சோறு வந்தது. பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், கசப்பும் காய்களும் கலந்த சுக்தோ, மீன் எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வந்தன. நல்ல பசி. மீன் கிண்ணத்தை எடுத்துச் சோற்றில் கவிழ்க்கப் போனேன்.

"மா! என்ன செய்கிறாய்?"

எதிரில் இருந்த பெரியவர். எழுபது வயதிருக்கும். முழங்கால்களுக்கு நடுவே மடக்கிய குடை. அவர் குரலில் இருந்தது உண்மையான பதற்றம். கல்லோ புழுவோ கிடக்கிறதாக்கும் என்று கையை இழுத்துக்கொண்டேன்.

"முதலில் சுக்தோ. பிறகு பருப்பு. மீன் அப்புறம்."

"எங்கள் ஊரில் குழம்புதான் முதலில்" என்றேன்.

"முதலிலேயே மீனைச் சாப்பிட்டால் அதற்குப் பிறகு எங்கே போவாய்?"

"ரசத்துக்கு. அப்புறம் மோருக்கு. மீன் சாப்பிடுகிற நாளில் மட்டும் மோர் கிடையாது."

"ஏன்?"

மீனும் மோரும் சேரக்கூடாது என்று எங்கள் பாட்டி காலத்திலிருந்தே விலக்கு என்று சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தயிரில் சமைத்த காத்லா மீன் அவர்கள் கல்யாணங்களிலேயே போடுகிற சாப்பாடாம். பக்கத்தில் இருந்த இளைஞர் சிரித்துவிட்டார். பெரியவர் அவரையும் சண்டைக்கு இழுத்தார். பேச்சு இந்தியிலிருந்து வங்காளத்துக்குத் தாவி, எனக்காக ஆங்கிலத்துக்கு வந்து, மறுபடி வங்காளத்துக்கே போனது. இலிஷ் என்றால் பத்மா நதி இலிஷ்தான் என்றார் பெரியவர். அவர் குடும்பம் கிழக்கு வங்காளத்துப் பரிசாலிலிருந்து வந்தது. இளைஞர் இந்தப் பக்கத்துக்காரர். ரூப்நாராயண் ஆற்றில் கோலாகாட் பக்கம் பிடித்ததற்கு ஈடு இல்லை என்றார். முன்பெல்லாம் இந்த மீன் கங்கையில் அலகாபாத் வரைக்கும் ஏறிப் போகும், 1975ல் ஃபராக்கா தடுப்பணை வந்தபிறகு வழி அடைந்துவிட்டது என்று பெரியவர் சொன்னபோது மேசையில் இருந்த எல்லாரும் அதை மட்டும் ஒப்புக்கொண்டார்கள்.

நான் சுக்தோவில் தொடங்கினேன். தோற்றுப்போய்த் தொடங்கவில்லை. அப்படி மன்றாடுகிற ஒருவருக்காக ஒரு வேளை முறையை மாற்றிச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. பாகற்காயின் கசப்பு நாக்கைத் துடைத்து வைத்தது. பருப்பு அதை ஆற்றியது. மீனுக்கு வந்தபோது கடுகு மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. அதற்குப் பின்னால் மெல்ல ஒரு நெய் வாசம். எங்கள் ஊர்க் கடலில் இப்படி ஒரு கொழுப்பேறிய மீனை நான் தின்றதில்லை. இதை எழுதும்போதும் தூத்துக்குடிக்காரியாக எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

இலிஷுக்கு முள் அதிகம். தலைமுடி மாதிரி மெல்லிய, கவையாகப் பிரிந்த முட்கள். விரலால் எடுத்தாலும் மிச்சம் இருக்கும். மீதியை நாக்கு தேடிப் பிடித்து உதட்டோரம் தள்ள வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டு அந்த மீனைத் தின்ன முடியாது. யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டும் தின்ன முடியாது. கண், விரல், நாக்கு மூன்றையும் அது கேட்கிறது. என் கூச்சம் போனதற்கு முதல் காரணமாக நான் சொல்வது துணிச்சலை அல்ல, அந்த முட்களைத்தான். நிமிர்ந்து பார்த்தபோது பெரியவரும் இளைஞரும் அதே மாதிரி தலை குனிந்து அவரவர் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மேசையில் என்னைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கணக்குச் சொல்லும் விதம்தான் என்னை உலுக்கியது. சீட்டு எதுவும் கிடையாது. நான் எழுந்ததும் பரிமாறியவர் கல்லாவைப் பார்த்து உரத்த குரலில் ஒப்பித்தார்: இலை, சோறு, மறுசோறு, பருப்பு, வறுவல், சுக்தோ, இலிஷ், இன்னொரு இலிஷ், எலுமிச்சை. கூடம் முழுக்கக் கேட்டது. நான் தின்றது மொத்தமும், இரண்டாம் முறை கேட்டு வாங்கியது உட்பட, ஆண்கள் நிறைந்த சபையில் அறிவிக்கப்பட்டது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எனக்குப் பின்னால் எழுந்தவருக்கும் அதே குரல், அதே ஒப்பித்தல்.

அங்கேதான் அம்மாவின் நினைவு வந்தது. அவள் ஆயுசில் எவ்வளவு சாப்பிட்டாள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவளும் தனியாகச் சாப்பிட்டவள்தான். அவளுக்குப் பரிமாற ஆள் இல்லை, அதுதான் வித்தியாசம். தனியாகச் சாப்பிடுவது பெண்களுக்குப் புதிதே இல்லை. ஒருத்திக்கு மட்டும் இலை போட்டு, அவள் கேட்டதைக் கேட்ட அளவு கொண்டுவந்து வைப்பதைத்தான் நாம் பார்த்துப் பழகவில்லை. பார்க் ஸ்ட்ரீட்டில் என்னைக் கூசவைத்தது காலி நாற்காலி என்று நினைத்திருந்தேன். எனக்காக மட்டும் ஒருவர் வேலை செய்கிறாரே என்பதுதான் உள்ளே குத்தியிருக்கிறது.

பிறகு கொல்கத்தாவில் கண்ட இடத்தில் சாப்பிட்டேன். வடக்கே பழைய 'கேபின்' உணவகம் ஒன்றில் கட்லெட் சாப்பிடப் போனபோது திரை தொங்கும் மரத்தடுப்புக்குள் உட்காரச் சொன்னார்கள். ஒரு காலத்தில் குடும்பத்துப் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் சாப்பிட வைத்த ஏற்பாடு. பெண்கள் வெளியே வந்து சாப்பிடவே முடியாதிருந்த நாளில் அந்தத் திரை ஒரு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தேன். எல்லா வேளையும் நன்றாக அமையவில்லை. ஒரு ராத்திரி, குடும்பம் குடும்பமாக நிறைந்திருந்த கடையில் மனசு கனத்துப் பாதியில் எழுந்து வந்தேன். மறுநாள் மதியம் அந்தக் கனம் இல்லை.

தனியாக ஊருக்குப் போகிற பெண்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டில் தொடங்காதீர்கள், மதியக் கூட்டத்தில் தொடங்குங்கள். பொது மேசை இருக்கிற கடையாகப் பாருங்கள். இன்றைக்கு என்ன நல்லாயிருக்கும் என்று பரிமாறுகிறவரைக் கேளுங்கள். கையையும் கண்ணையும் கேட்கிற சாப்பாடாக வாங்குங்கள். பசித்தால் இன்னொரு முறை கேட்டு வாங்குங்கள்.

நம் ஊரில் மெஸ்ஸும் ஹோட்டலும் நடத்துகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். பெண்ணொருத்தி தனியாக உள்ளே வந்தால் உடனே ஃபேமிலி ரூமைக் காட்டாதீர்கள். எங்கே உட்காருகிறாள் என்று அவளையே கேளுங்கள். கூட்டத்துக்கு நடுவே என்றால் அங்கேயே ஒரு இலையைப் போட்டு, இன்றைக்கு என்ன மீன் என்று சொல்லுங்கள்.