கான்சஸ் சமவெளியில் – 4: ரயில் வராத ஊர்

ஹில் சிட்டியிலிருந்து 24-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே கால் மணி நேரம் போனதும் நிக்கோடிமஸ் வந்துவிட்டது. 2020 கணக்கெடுப்பின்படி இங்கே இருப்பவர்கள் 14 பேர். வண்டியை நிறுத்தி இறங்கினால் காற்றின் சத்தம் மட்டும்தான்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877-இல் கென்டக்கியிலிருந்து வந்து அமைத்த ஊர் இது. சொந்த நிலம், தங்கள் கையிலேயே நிர்வாகம் என்ற நம்பிக்கையில் வந்தார்கள். எல்லிஸ் வரைதான் ரயில். அங்கிருந்து ஏறத்தாழ 35 மைல் புல்வெளிப் பயணம். 1878 வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று கண்ணால் தேடியிருக்கிறார். தரையிலிருந்து எழும் புகையைக் கை காட்டியிருக்கிறார்கள். வீடு கட்ட மரம் கிடையாது. அதனால் மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் அழுதுவிட்டார். நான் நின்ற இடத்தில் இன்றும் மரங்கள் குறைவு. அந்த அழுகை எனக்குப் புரிந்தது. முதல் குளிர்காலத்தில், வேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒசேஜ் பழங்குடியினர் உணவு கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

அப்படித் தொடங்கியவர்கள் 1879-இலேயே பள்ளி நடத்தினார்கள். கிரஹாம் மாவட்டத்தில் அதுதான் முதல் பள்ளி. அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் செய்தித்தாள்களும் வந்தன. இங்கே வாழ்ந்த எட்வர்ட் மெக்கேப் 1882-இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ரயில் பாதையை வரவழைக்க 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடவும் ஊர் வாக்களித்தது. ஆனால் 1888-இல் யூனியன் பசிபிக் பாதை சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது. வணிகர்கள் பலர் ஆற்றுக்கு அப்பால் முளைத்த போக் என்ற ஊருக்குக் கிளம்பினார்கள். இந்த ஊர் தளர்ந்ததற்கு மண்ணின் வறட்சியைவிட அந்தச் சில மைல் விலகலே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

ஐந்து கட்டடங்கள் மிஞ்சியிருக்கின்றன. செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல் 1881-இலும், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் தேவாலயம் 1885-இலும் கட்டப்பட்டவை. பள்ளிக்கூடம் 1918-ஐச் சேர்ந்தது. 1939-இல் எழுந்த சுண்ணாம்புக்கல் மன்றம், பெருமந்தக் காலத்து அரசு வேலைத்திட்டத்தில் உருவானது. நான் அதிக நேரம் நின்றது 1907-இல் கட்டிய பாப்டிஸ்ட் தேவாலயத்தின் முன்தான். அந்தச் சபை முதலில் மண்குழிக்குள் கூடியது. பிறகு புல்மண் கட்டிகளால் ஒரு கூடம் எழுப்பியது. அதன் பிறகே கல்லுக்கு வந்தது. முப்பதாண்டு உழைப்பு அந்தச் சுவரில் இருக்கிறது.

அஞ்சல் நிலையம் 1953-இல் மூடப்பட்டது. 1996-இல் நாடாளுமன்றம் இவ்வூரைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. மிசிசிப்பிக்கு மேற்கே, அந்தக் காலத்தில் கறுப்பின மக்கள் நிறுவி, இன்றும் மனிதர் வாழும் ஊர்களில் இது ஒன்று. அதைக் காத்தவர்கள் இங்கிருந்து போன பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசி வார இறுதியில், விடுதலை நாளைக் கொண்டாட அவர்கள் நாடெங்கிலுமிருந்து திரும்பி வருகிறார்கள்.

கான்சஸ் வழியாகப் போகிறவர்கள் முடிந்தால் அந்த நாட்களில் போங்கள். நாங்கள் போனபோது ஊர் வெறிச்சோடியிருந்தது; நீங்கள் அதை நிறைந்த ஊராகப் பார்க்கலாம்.

(தொடரும்)