கோனைகளைத் தேடி – 4: வடமாலபேட்டையில் ஒரு களி உருண்டை

அறுநூறு ரூபாய்க்குப் பேசி ஏறிய ஆட்டோ பாதி வழியில் நின்றது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, ஓட்டியவர்தான் நிறுத்தினார். “அறுநூறு போறதுக்கு மட்டும் சார். வெயிட்டிங், ரிட்டர்ன் எல்லாம் தனி. ஆயிரத்து ஐநூறு ஆயிடும்” என்றார். வடமாலபேட்டையில் நெடுஞ்சாலை ஓரம் நின்று பேசியபோது, போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துத்தானே என்று இரண்டு தடவை கேட்டிருந்தேன். இரண்டு தடவையும் தலையாட்டினார். கூட வந்த என் அக்கா மகன் அதற்குச் சாட்சி.

கத்திவிட்டேன். பணம் போகிறதே என்பதற்காக இல்லை. முதலிலேயே ஆயிரத்து ஐநூறு என்று சொல்லியிருந்தால் வேண்டாம் என்று நடந்திருப்பேன், அல்லது பேரம் பேசியிருப்பேன். பேச்சை ஒப்புக்கொண்டு ஆளை ஏற்றி, நாலு பக்கமும் மாந்தோப்பு மட்டுமே இருக்கும் இடத்தில் நிறுத்தி விலை சொல்வது என்ன நியாயம்? அவரும் விடவில்லை. பெட்ரோல் விலை, பிள்ளைகள் படிப்பு, மலைப்பாதையில் தேயும் டயர் என்று அடுக்கினார். “இஷ்டம்னா உக்காருங்க, இல்லன்னா எறங்குங்க.” இறங்கினோம். வந்த தூரத்துக்கு இருநூறு கொடுத்தேன். எண்ணிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு திருப்பி ஓட்டிப் போனார். சத்தம் தேய்ந்த பிறகுதான் அக்கா மகன் சொன்னான்: “மாமா, தண்ணி பாட்டில் ரெண்டும் வண்டியிலேயே போயிடுச்சு.”

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு என் கணக்கு தெரியும். சென்னையில் விடிகாலை கிளம்ப வேண்டும், அருவியில் குளிக்க வேண்டும், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும், ஆளுக்கு ஐநூறு ரூபாயைத் தாண்டக் கூடாது. முதல் வாரம் உப்பலமடுகு, நம் ஊர்க்காரர்கள் தடா அருவி என்று சொல்லும் இடம். அடுத்து கைலாசகோனை. அதற்கடுத்து புத்தூருக்குப் பக்கத்தில் மூலகோனை. நாலாவதாக வடமாலபேட்டை வழியாகச் சதாசிவகோனை. முதல் கட்டுரை எழுதும்போது இருந்த துள்ளல் இப்போது என்னிடம் இல்லை என்பதை மறைக்கப் போவதில்லை. தண்ணீர் எங்கேயும் ஏமாற்றவில்லை. தண்ணீரைச் சுற்றி நாம் போட்டுவிட்டு வருபவைதான் மனதைச் சுருக்கிவிட்டன.

கோனை என்ற சொல்லை முதல் வாரமே விளக்கியிருக்க வேண்டும். தெலுங்கில் கோன என்றால் மலைகளுக்கு இடையில் மரம் அடர்ந்த பள்ளத்தாக்கு. அருவி என்பது அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பகுதிதான். அதனால் ஒவ்வொரு கோனையிலும் முதலில் ஒரு சாமி இருக்கும், பிறகுதான் அருவி. சிங்கிரிகோனையில் நரசிம்மர், கைலாசகோனையிலும் சதாசிவகோனையிலும் சிவன். நகரி மலைத்தொடரின் பாறை குவார்ட்சைட் வகை. வெடிப்பு விழும், ஆனால் லேசில் கரையாது. ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வெடிப்புகளில் இறங்கி, மெதுவாக ஊறி, கீழே எங்கேயோ கசிகிறது. கைலாசகோனையில் கோடையிலும் தண்ணீர் நிற்காமல் விழுவது அதனால்தான். இதே பாறை கிரானைட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் திருமலை மலைப்பாதையில் வெளிப்படையாகப் பார்க்கலாம். கீழ்ப் பாறைக்கும் மேல் பாறைக்கும் இடையில் சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி என்கிறார்கள் நிலவியலார். திருப்பதிக்கு எத்தனையோ தடவை போன நான் அந்த இடத்தை ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

புத்தூர் வரைக்கும் ரயில். முன்பதிவில்லாத டிக்கெட், ஜன்னல் ஓரம், திருத்தணி தாண்டியதும் மலை. அதில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சிகரத்தைக் கடலிலிருந்து பார்த்துத்தான் அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் பழவேற்காட்டுக் கரையை அடையாளம் கண்டார்களாம். ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயரே நகரி மூக்கு. புத்தூரில் இறங்கினால் எலும்புக் கட்டு விளம்பரங்கள். கை ஒடிந்தால் புத்தூர் கட்டு போடுவது என்று நம் ஊர்த் தெருக்களில் எழுதியிருக்கிறதே, அந்தப் புத்தூர் இதுதான். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. இவற்றோடு நூறாண்டுக்கும் மேலாக ஒரு குடும்பம் இங்கே கட்டுப் போட்டு வருகிறது.

புத்தூரிலிருந்து வடமாலபேட்டைக்குப் ‘பல்லெ வெலுகு’ பஸ். கிராம வெளிச்சம் என்று பொருள். எவ்வளவு அழகான பெயர்! என் பக்கத்தில் நின்ற பெண்கள் ஆதார் அட்டையைக் காட்டி இலவச டிக்கெட் வாங்கினார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து ஆந்திரப் பெண்களுக்கு அது உண்டு. கண்டக்டர் அவர்களிடம் தெலுங்கில் பேசினார், என்னிடம் தமிழில் பேசினார், பின்னால் இருந்த கிழவியிடம் இரண்டும் கலந்து பேசினார். 1911இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்த தாலுகாக்களையும் சேர்த்துத்தான் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடி, 1960இல் திருத்தணி நம் பக்கம் வந்தது. புத்தூரும் வடமாலபேட்டையும் அந்தப் பக்கமே நின்றன. 2022இல் இவை திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. மாவட்டம் எத்தனை தடவை மாறினாலும் டீக்கடை பெஞ்சில் கோடு விழவில்லை.

இதே வடமாலபேட்டை மண்டலத்தில்தான் அப்பலாயகுண்டா பெருமாள் கோயில் இருக்கிறது. திருமலையில் கீழ் நோக்கித் திருவடியைக் காட்டும் பெருமாளின் கை, அங்கே அஞ்சாதே என்று உயர்ந்திருக்கும். போக நேரம் அமையவில்லை. ஆட்டோ தகராறில் ஒரு மணி நேரம் போயிருந்தது.

தண்ணீர் இல்லாமல் நடந்தோம். வெயில் நவம்பருக்கு அதிகம். தோப்பு முடியும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு வெள்ளாடுகளோடு ஒரு பெரியவர் எதிர்ப்பட்டார். தலையில் துண்டு, கையில் தொரட்டி, காலில் செருப்பு இல்லை. “கோனைக்கா நைனா? ஆட்டோ வுட்டுட்டுப் பூட்டானா?” என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “நடந்து வர்றவன் மொகம் வேற, எறக்கி விட்டவன் மொகம் வேற.”

இருபது வயதில் கொருக்குப்பேட்டையில் மூன்று வருஷம் மூட்டை தூக்கியவராம். என் ஊர் வண்ணாரப்பேட்டை என்றதும் ஒவ்வொரு தெருவாக விசாரித்தார். பாதித் தெருக்களுக்கு அவர் சொன்ன அடையாளம் இப்போது கிடையாது. வழியில் அவர் வீடு. ஓடு வேய்ந்த இரண்டு அறை, முன்னால் வேப்பமரம். வீட்டம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் கேட்காமலேயே காலி எண்ணெய் கேன் ஒன்றைக் கழுவி அதிலும் நிரப்பிக் கொடுத்தார். “மூணு மணிக்குள்ள எறங்கிடுங்க. சங்கட்டி செஞ்சு வைக்கிறேன்” என்றார். கேழ்வரகுக் களியைத்தான் அப்படிச் சொன்னார். சாப்பாடு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியவர் அதற்குள் ஆடுகளோடு முன்னால் போய்விட்டார்.

ஒற்றையடிப் பாதை. ஓடையை இங்கும் அங்குமாகக் கடக்க வேண்டும். பாறை வழுக்குகிறது, செருப்பைக் கழற்றினால்தான் பிடி கிடைக்கிறது. ஆனால் கழற்ற முடியவில்லை. பாதை ஓரம், தண்ணீருக்குள், மரத்தடியில் எல்லாம் உடைந்த பீர் பாட்டில்கள். சிறிது தூரத்துக்கு ஒரு தடவை பெரியவர் குனிந்தார். பெரிய சில்லாகப் பார்த்துப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டார். தண்ணீருக்குள் கையை விட்டு, மணலைத் தடவித் தடவி, விரலால் உணர்ந்து எடுப்பதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன.

“எதுக்குத் தாத்தா?” என்றான் அக்கா மகன்.

மந்தையின் கடைசியில் நொண்டிக்கொண்டு வந்த ஒரு ஆட்டைக் காட்டினார். முன்னங்கால் குளம்பில் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு, வளராமல் நின்றுவிட்டது. “சீசா சில்லு. போன சிவராத்திரிக்கு முன்ன. அப்ப இது செனையா இருந்துச்சு.”

நான் சில்லுகளைப் பார்த்தேன். லேபிள் ஒட்டியிருந்தவற்றில் சிலது நம் மாநிலத்துக் கடைச் சரக்கு. எல்லாமே நாம்தான் போட்டோம் என்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாதையில் ஏறுகிறவர்களில் சென்னை வண்டிகளில் வருபவர்கள் எத்தனை பேர் என்பதைக் கூட்டுரோட்டில் நின்று எண்ணினாலே தெரியும். குறைந்த செலவில் போய் வரலாம் வாருங்கள் என்று மூன்று வாரமாக எழுதியவன் நான். அந்தப் பாதையில் நடக்கும்போது அந்த வாசகம் தொண்டையில் நின்றது. செலவு நமக்குத்தான் குறைவு.

அருவியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, போய் நிற்க வேண்டியதுதான். ஒரே வீழ்ச்சி இல்லை. தட்டுத் தட்டாக விழுந்து, ஒவ்வொரு தட்டிலும் குழி பறித்து, அடுத்ததற்கு இறங்குகிறது. சிவன் கோயில் அருகே யாரோ வைத்துப்போன வில்வம் வாடாமல் இருந்தது. வார நாள் என்பதால் எங்களைத் தவிர நாலு பேர்தான் இருந்தார்கள். தோளில் விழுந்த தண்ணீர் ஆட்டோக்காரர் மேல் இருந்த கோபத்தையும் இறக்கிக்கொண்டு போனது. அந்த அரை மணி நேரம் என் வாழ்வின் நல்ல அரை மணி நேரங்களில் ஒன்று. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுகிறேன்.

இறங்கி வந்தபோது வீட்டம்மா அடுப்பின் முன் இருந்தார். நொய் அரிசி வெந்து குழைந்திருந்தது. அதன் நடுவே கேழ்வரகு மாவைக் குவித்துக் கொட்டினார், கிளறவில்லை. துடுப்பின் காம்பால் குவியலின் நடுவில் ஒரு ஓட்டை போட்டு மூடி வைத்தார். ஓட்டை வழியாகக் கஞ்சி கொதித்து ஏறி மாவை வேகவைக்குமாம். முதலிலேயே கிளறினால் கட்டி தட்டும். பிறகு பானையைக் கீழே இறக்கி, இரண்டு பாதத்தாலும் துணியோடு சேர்த்து இடுக்கிப் பிடித்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினார். எழுபதை ஒட்டிய வயது, தோள் அப்படி உழைத்தது. ஈரக் கையால் உருட்டி, தட்டில் வைத்து, நடுவில் பெருவிரலால் குழி செய்து நெய் ஒரு சொட்டு. பக்கத்தில் கீரைப் பருப்பு, வேர்க்கடலைத் துவையல். துவையலில் பச்சைமிளகாய் சுட்டு அரைத்திருந்தார்.

“மெல்லாத நைனா, முழுங்கணும்” என்று பெரியவர் சொல்லிக்கொடுத்தார். அக்கா மகன் இரண்டாவது உருண்டையைக் கேட்டு வாங்கினான். வீட்டில் கேழ்வரகு என்றால் தட்டைத் தள்ளிவைக்கிறவன். சுடச்சுட அந்தக் களி துவையலில் புரண்டு தொண்டையில் இறங்கும்போது, சென்னையில் சிறுதானிய உணவு என்று பலகை போட்டு முந்நூறு ரூபாய்க்கு விற்கும் களியை நினைத்துக்கொண்டேன். ஒப்பிடவே கூடாது.

ஐநூறு ரூபாயை நீட்டினேன். அந்த அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “கோனைக்கு வந்த ஜனம். சிவன் வூட்டு விருந்து. காசு வாங்கினா எனக்கு ஆகாது.” பேரப்பிள்ளைகளுக்கு என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் ரேணிகுண்டாவில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் குறையில்லை என்றார்.

கை கழுவ வீட்டின் பின்பக்கம் போனோம். வேலியோரம் ஆளின் இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி. பெரியவர் துண்டு முடிச்சை அவிழ்த்து, அன்று பொறுக்கிய சில்லுகளை அதில் கொட்டினார். பச்சை, பழுப்பு, வெள்ளை. மேலே விளிம்புக்கு ஒரு சாண்தான் பாக்கி இருந்தது. “இது ரெண்டாவது குழி” என்றார். முதல் குழியின் மேல் மண் மூடி, ஒரு முருங்கைக் கொம்பு நட்டிருந்தார்கள். அது துளிர்த்திருந்தது.

பால் கேன் ஏற்றிப்போன வேன் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, டிரைவரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லி எங்களை ஏற்றிவிட்டார். நெடுஞ்சாலையில் இறங்கி நான் பணத்தை எடுத்ததும் டிரைவர் சிரித்தார். “தாத்தா வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு சார்.”

நொண்டி ஆடும் அதன் குட்டியும் வேன் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தன. பெரியவர் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டதும் நின்றுவிட்டன.